ஸ்காட்லாந்து அரசிடம் கேள்வி கேட்டால் பதில் எப்படி வரும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எடின்பரோவிலோ கிளாஸ்கோவிலோ குடியேறிய நம் ஆட்கள் சந்தித்தால் பேச்சு எப்படியும் பல் மருத்துவர் கிடைக்கவில்லை, பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள் என்று போய், கடைசியில் "இதை யார்தான் கேட்பது?" என்பதில் வந்து நிற்கும். கேட்கிறார்கள், தினமும் கேட்கிறார்கள். அதற்கு அரசு பதிலும் எழுதுகிறது. அந்தப் பதிலை வாசிக்கத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். என்னிடம் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை ஒரே இடத்தில் எழுதி வைத்தால் எனக்கும் வேலை மிச்சம்.

லண்டனில் ஓர் அரசு இருக்கும்போது எடின்பரோவில் இன்னொன்று எதற்கு?

1998இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் போட்ட ஸ்காட்லாந்து சட்டத்தின்படி 1999இல் இங்கே ஒரு நாடாளுமன்றம் வந்தது. அது இருக்கும் இடத்தை வைத்து எல்லோரும் ஹோலிரூட் என்றே சொல்வார்கள். மொத்தம் 129 உறுப்பினர்கள், இங்கே அவர்களுக்கு எம்.எஸ்.பி. என்று பெயர். மருத்துவம், பள்ளிக்கூடம், போலீஸ், நீதிமன்றம், வீட்டுவசதி, போக்குவரத்தில் பெரும்பகுதி எல்லாம் எடின்பரோவின் பொறுப்பு. விசா, ராணுவம், வெளியுறவு லண்டனிடம்.

இந்தியாவில் மத்தியப் பட்டியல், மாநிலப் பட்டியல், பொதுப் பட்டியல் என்று மூன்று உண்டு, மூன்றிலும் இல்லாதது டெல்லிக்குப் போகும். இங்கே தலைகீழ். லண்டன் தனக்கென்று எடுத்து வைத்துக்கொண்டவற்றுக்கு மட்டும்தான் பட்டியல், அதில் பெயர் இல்லாத எல்லாம் எடின்பரோவுடையது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பாதிப் பதில்களின் சூட்சுமம் இந்தப் பட்டியலில்தான் இருக்கிறது.

உறுப்பினர்கள் கேட்கும் கேள்வி எத்தனை வகை?

பெரிதாகப் பார்த்தால் இரண்டு: வாயால் கேட்பது, எழுதிக் கேட்பது. நம்மூரில் நட்சத்திரக் கேள்வி, நட்சத்திரமில்லாத கேள்வி என்று பிரிப்பார்களே, கிட்டத்தட்ட அதே வழி. எல்லாம் லண்டன் நாடாளுமன்றமான வெஸ்ட்மின்ஸ்டர் வீட்டுப் பிள்ளைகள்தானே.

வாய்மொழியில் உள்பிரிவுகள் உண்டு. வியாழன் நண்பகலில் முதலமைச்சர் கேள்வி நேரம், அதற்குச் சற்று முன்பு 20 நிமிடம் பொதுக் கேள்விகள், துறை அமைச்சர்களைச் சுற்று முறையில் நிறுத்திக் கேட்கும் துறைக் கேள்விகள், செவ்வாய்க்கிழமை அந்த வாரத்துச் சூடான விஷயத்துக்கான கேள்விகள், இதையெல்லாம் விட அவசரமாக ஏதாவது வெடித்தால் சபாநாயகர் அனுமதியோடு அவசரக் கேள்வி. பொதுக் கேள்வியிலும் துறைக் கேள்வியிலும் யார் பெயர் வரும் என்பதைக் குலுக்கலில்தான் எடுக்கிறார்கள். முதலமைச்சருக்கான கேள்விகளை மட்டும் சபாநாயகர் தேர்ந்தெடுப்பார்.

தொலைக்காட்சியில் வருவது வாய்மொழி. ஆனால் உருப்படியான தகவல் கிடைப்பது எழுத்துக் கேள்வியில். எண்ணிக்கையைப் பாருங்கள்: 2021 தேர்தலுக்குப் பிறகு வந்த 6ஆவது அவையில் எழுத்துக் கேள்விகளின் வரிசை எண் 2025க்குள் 30,000ஐத் தாண்டிவிட்டது.

நானே கேள்வி அனுப்பலாமா?

நேரடியாக முடியாது. எம்.எஸ்.பி. ஒருவர் உங்களுக்காகக் கேட்க வேண்டும். ஆனால் இங்கே ஒரு வசதி இருக்கிறது, பலருக்குத் தெரியாது: உங்களுக்கு ஒரு எம்.எஸ்.பி. அல்ல, எட்டுப் பேர். தொகுதிக்கு ஒருவர், வட்டாரப் பட்டியலிலிருந்து ஏழு பேர். தொகுதிக்காரர் ஆளுங்கட்சியாக இருந்து தயங்கினால் வட்டாரத்தில் எதிர்க்கட்சிக்காரர் ஒருவராவது இருப்பார், அவருக்கு உங்கள் கேள்வி வெல்லக்கட்டி.

குடியுரிமை வேண்டுமே என்று யோசிக்க வேண்டாம். இந்தியாவும் இலங்கையும் காமன்வெல்த் நாடுகள் என்பதால், முறையான விசாவில் இங்கே வசித்து, 16 வயது நிரம்பி, வாக்காளர் பட்டியலில் பெயரும் சேர்த்திருந்தால் ஹோலிரூட் தேர்தலில் வாக்கே போடலாம். மாணவர் விசாவில் இருப்பவர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். அப்புறம் ஒரு மின்னஞ்சல் அனுப்பக் கூச்சம் எதற்கு?

எந்தக் கேள்வியையும் ஏற்றுக்கொள்வார்களா?

இல்லை. கேள்விகளை வாங்கும் அவை ஊழியர்கள் சலித்து எடுப்பார்கள். ஸ்காட்லாந்து அரசின் பொறுப்புக்குள் வர வேண்டும், சுருக்கமாக இருக்க வேண்டும், கேள்விக்குள் கருத்தைத் திணிக்கக் கூடாது, நீதிமன்றத்தில் நடந்துகொண்டிருக்கும் வழக்கில் கைவைக்கக் கூடாது. "அரசின் கையாலாகாத்தனத்தால் மருத்துவமனைகள் நாசமானது ஏன்" என்று எழுதினால் திரும்பி வரும். "கடந்த ஆண்டு அறுவைச் சிகிச்சைக்காக ஓராண்டுக்கு மேல் காத்திருந்தவர்கள் எத்தனை பேர், மருத்துவ வாரியம் வாரியாக" என்றால் போகும். உண்மையில் இரண்டாவதுதான் அரசுக்கு அதிகம் வலிக்கும்.

எழுத்துக் கேள்விக்குப் பதில் எத்தனை நாளில் வரும்?

சாதாரணமாக 10 வேலை நாள், அவை நீண்ட விடுமுறையில் இருந்தால் 20. இது நாடாளுமன்றத்தின் நடைமுறை விதிகளான நிலையாணை சொல்வது. "சாதாரணமாக" என்ற சொல்லுக்குள் ஒரு கதவு திறந்தே இருக்கிறது: நேரத்துக்குள் முடியாவிட்டால் "கூடிய விரைவில் உறுப்பினருக்குப் பதில் அளிப்பேன்" என்று ஒரு வரி போட்டுவிடலாம். இடைக்காலப் பதில் என்று இதற்குப் பெயர். பதில் என்று பெயர் இருந்தாலும் ஒன்றும் சொல்லாத ஒரே பதில் இதுதான். தாமதத்துக்குச் சட்டப்படி தண்டனை கிடையாது. உறுப்பினர் அவையில் எழுந்து சபாநாயகரிடம் முறையிடலாம், மானத்தை வாங்கலாம், அவ்வளவுதான். தேர்தலுக்காக அவையைக் கலைத்துவிட்டால் அதுவரை பதில் வராத கேள்விகள் காலாவதி.

பதிலை அமைச்சரே உட்கார்ந்து எழுதுகிறாரா?

ஐயோ, இல்லை. கேள்வி வந்ததும் அது எந்தத் துறைக்கு என்று பிரித்து அந்த விஷயத்தைப் பார்க்கும் அதிகாரியிடம் போகும். அவர் ஒரு வரைவு எழுதுவார், கூடவே அமைச்சர் கண்ணுக்கு மட்டும் ஒரு பின்னணிக் குறிப்பும். கேள்வி கேட்டவர் யார், எதற்காகக் கேட்கிறார், இதே மாதிரி முன்பு என்ன சொன்னோம், இதற்கடுத்து எங்கே போவார் என்பதெல்லாம் அந்தக் குறிப்பில்தான் வரும். மேலதிகாரி, அரசியல் ஆலோசகர் பார்த்து, அமைச்சர் ஒப்புதல் கொடுத்த பிறகு வெளியே வரும். கையெழுத்து அமைச்சருடையது, பொறுப்பும் அவருடையது. அதனால்தான் பதில்கள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்த மாதிரி இருக்கின்றன. முன்பு சொன்னதிலிருந்து ஒரு சொல் மாறினால்கூட நாளைக்கு யாராவது அதைத் தூக்கிப் பிடிப்பார்கள் என்று எழுதுகிறவருக்குத் தெரியும்.

"இந்தத் தகவல் மையமாகத் திரட்டப்படுவதில்லை" என்றால் என்ன அர்த்தம்?

சரி, இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். பதில்களில் திரும்பத் திரும்ப வரும் சில வாசகங்கள் உண்டு, ஒவ்வொன்றுக்கும் உள்ளர்த்தம் வேறு.

"மையமாகத் திரட்டப்படுவதில்லை" என்றால் தகவல் எங்குமே இல்லை என்று அர்த்தமில்லை. ஸ்காட்லாந்தில் 32 உள்ளாட்சி மன்றங்கள், 14 வட்டார மருத்துவ வாரியங்கள். தகவல் அவர்களிடம் இருக்கலாம், எடின்பரோ அதைக் கூட்டிப் பார்க்கவில்லை. எனக்கு இந்தப் பதில்தான் மிகவும் பிடிக்கும். பணம் கொடுக்கும் அரசு, அந்தப் பணத்தால் என்ன நடந்தது என்று எண்ணிப் பார்க்கவில்லை என்று அதுவே எழுதிக் கொடுக்கிறதே! விவரம் தெரிந்த உறுப்பினர்கள் அடுத்த வாரமே "அப்படியானால் எப்போதிலிருந்து திரட்டப் போகிறீர்கள், இல்லையென்றால் ஏன்" என்று கேட்பார்கள்.

"இது உள்ளாட்சி மன்றம் தீர்மானிக்க வேண்டிய விஷயம்" என்பது பந்தைத் தட்டிவிடுவது. எங்கள் தெரு வழியாகப் போன பஸ் நின்றபோது நானும் ஒரு உறுப்பினருக்கு எழுதினேன், அவரும் பாவம் கேள்வி போட்டார், இரண்டு வரியில் பதில் வந்தது: எந்த வழித்தடத்தில் ஓட்டுவது என்பது நிறுவனத்தின் முடிவு, மானியம் கொடுப்பது உள்ளாட்சி மன்றத்தின் முடிவு. கோபமாக வந்தது. ஆனால் பிரிட்டனில் 1980களிலேயே பஸ் சேவையைத் தனியாருக்குத் திறந்துவிட்டார்கள், எனவே அந்தப் பதில் பொய்யில்லை. நாங்கள் கேட்டிருக்க வேண்டியது வேறு. உள்ளாட்சி மன்றங்களே பஸ் ஓட்டலாம் என்று 2019இல் ஹோலிரூட் ஒரு போக்குவரத்துச் சட்டம் போட்டது. அப்படி ஓட்ட முன்வரும் மன்றங்களுக்கு எவ்வளவு நிதி ஒதுக்கினீர்கள் என்று கேட்டிருந்தால் பந்தை யாரிடமும் தட்ட முடியாது.

"இன்ன தேதியில் இன்ன எண் கேள்விக்கு அளித்த பதிலைப் பார்க்கவும்" என்று வந்தால் சோம்பல் படாமல் அந்தப் பழைய பதிலை எடுத்துப் பாருங்கள். சில சமயம் கேட்டதற்கும் அதற்கும் சம்பந்தமே இருக்காது. சம்பந்தமில்லை என்பதே ஒரு செய்தி.

"பரிசீலித்து வருகிறோம், உரிய நேரத்தில் அறிவிப்போம்" என்பதற்கு விளக்கம் வேண்டாம். நம்மூர்க்காரருக்குத் தெரியாததா.

கேள்வியின் வார்த்தை மாறினால் பதில் அவ்வளவு மாறுமா?

பல் மருத்துவத்தை எடுத்துக்கொள்வோம். அரசு மருத்துவச் சேவையில் எத்தனை பேர் பல் மருத்துவரிடம் பதிவு செய்திருக்கிறார்கள் என்று கேட்டால் வரும் எண் அபாரமாக இருக்கும், 2022 நிலவரப்படி பத்தில் ஒன்பது பேருக்கு மேல். படிப்பவருக்கு, அடடா ஸ்காட்லாந்தில் பல்வலியே இல்லை போலிருக்கிறது என்று தோன்றும். ஆனால் 2010இலிருந்து ஒருமுறை பதிவு செய்தால் அது ஆயுளுக்கும் செல்லும். பத்து வருடமாக வாயைத் திறந்து யாரிடமும் காட்டாதவரும் அந்தக் கணக்கில் இருக்கிறார். "பதிவு செய்தவர்களில் கடந்த 2 ஆண்டில் உண்மையில் பல் மருத்துவரைப் பார்த்தவர்கள் எத்தனை" என்று ஒரு வரியை மாற்றுங்கள், அதே 2022இல் விடை சுமார் பாதியாக இறங்கிவிடும். இரண்டு பதிலும் உண்மை. அமைச்சர் முதல் எண்ணைத்தான் சொல்ல விரும்புவார், அதில் தப்பில்லை, அவர் வேலை அது. இரண்டாவதைக் கேட்பது உறுப்பினர் வேலை.

ஆகவே எம்.எஸ்.பி.க்கு எழுதும்போது குறையைச் சொல்வதோடு நிறுத்தாமல் கேள்வியையும் நீங்களே வடித்துக் கொடுங்கள். எந்த ஆண்டு, எந்த வாரியம், எதை எண்ண வேண்டும் என்று. அவர்களுக்கும் நேரமில்லை, அப்படியே எடுத்துப் போட்டுவிடுவார்கள்.

கேள்வி கேட்டு உருப்படியாக ஏதாவது வெளியே வந்திருக்கிறதா?

கப்பல் கதை தெரியுமா? மேற்குத் தீவுகளுக்குப் போய்வரும் இரண்டு பயணிகள் கப்பல்கள் கட்ட, கிளாஸ்கோவுக்குக் கீழே கிளைட் ஆற்றங்கரையில் இருக்கும் ஃபெர்குசன் தளத்துக்கு 2015இல் 9.7 கோடி பவுண்டு ஒப்பந்தம் கொடுத்தார்கள். 2018இல் இரண்டும் ஓடியிருக்க வேண்டும். 2017 நவம்பரில் முதல் கப்பலான கிளென் சானக்ஸை அப்போதைய முதலமைச்சர் நிக்கோலா ஸ்டர்ஜன் வெள்ளோட்டம் விட்டபோது, கப்பலின் முகப்பில் கண்ணாடி ஜன்னல்களுக்குப் பதில் ஜன்னல் மாதிரி கறுப்புப் பெயின்ட் அடித்திருந்தது பிற்பாடு பெரிய கேலியாகிவிட்டது. தளம் திவாலாகி அரசே வாங்கியது, செலவு பல மடங்கு ஏறியது. கிளென் சானக்ஸ் பயணிகளை ஏற்றியது 2025 ஜனவரியில்தான்.

இத்தனை வருடமும் ஹோலிரூட்டில் கேள்வி மேல் கேள்வி. அதில் மையமான ஒன்று: கட்டும் நிறுவனம் கவிழ்ந்தால் பணம் முழுதும் திரும்பி வரும் என்ற உத்தரவாதம் இல்லாமலேயே ஒப்பந்தத்துக்கு யார் சரி சொன்னது? 2022 மார்ச்சில் தணிக்கை அமைப்பு, அந்த முடிவு ஏன் எடுக்கப்பட்டது என்பதற்கு ஆவணமே போதுமானதாக இல்லை என்று அறிக்கை தந்தது. எதிர்க்கட்சிகள் விடவில்லை. மே மாதம் அரசு ஒரு பழைய மின்னஞ்சலைக் கண்டெடுத்து வெளியிட்டது. அப்போதைய போக்குவரத்து அமைச்சர் டெரிக் மெக்கே ஒப்புதல் கொடுத்ததாக அதில் இருந்தது. ஏழு வருடத்துக்குப் பிறகு ஒரு மின்னஞ்சல்! கேள்விகள் கப்பலைச் சீக்கிரம் முடிக்கவில்லை. ஆனால் கேட்காமல் இருந்திருந்தால் அந்த மின்னஞ்சலும் கிடைத்திருக்காது.

எடின்பரோவா லண்டனா என்று பிரிக்க முடியாத விஷயத்தில் யார் பதில் சொல்வார்?

இங்கேதான் வேடிக்கை. போதை மருந்தால் இறப்பவர்கள் விகிதத்தில் ஸ்காட்லாந்து ஐரோப்பாவிலேயே மோசமான இடங்களில் ஒன்று. போதை மருந்துச் சட்டம் 1971ஆம் ஆண்டுடையது, லண்டன் பட்டியலில் இருக்கிறது. சிகிச்சையும் மறுவாழ்வும் எடின்பரோவிடம். கண்காணிப்போடு போதை மருந்து எடுத்துக்கொள்ளும் பாதுகாப்பு மையம் ஒன்று கிளாஸ்கோவில் திறக்கலாமா என்று ஹோலிரூட்டில் கேட்டால் "சட்டம் லண்டனிடம்", லண்டனில் கேட்டால் "அனுமதிக்கும் எண்ணம் இல்லை". இப்படியே வருடங்கள் போயின.

முடிச்சு அவிழ்ந்தது மூன்றாவது வழியில். யார் மேல் வழக்குப் போடுவது என்ற முடிவு ஸ்காட்லாந்தின் தலைமைச் சட்ட அதிகாரியான லார்டு அட்வகேட்டிடம் இருக்கிறது. அந்தப் பதவியில் இருந்த டாரத்தி பெயின், அப்படி ஒரு மையத்துக்குள் போதை மருந்து வைத்திருப்பவர்கள் மேல் வழக்குத் தொடர்வது பொதுநலனுக்கு உகந்ததல்ல என்று 2023 செப்டம்பரில் சொன்னார். 2025 ஜனவரியில் 'திஸ்ல்' என்ற பெயரில் மையம் திறந்தது. ஒரு பதில் "எங்கள் அதிகாரத்தில் இல்லை" என்று முடிந்தால், சரி, உங்கள் அதிகாரத்தில் எது இருக்கிறது என்று அடுத்ததைக் கேட்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

விசா பற்றி மட்டும் எம்.எஸ்.பி.யைத் தொந்தரவு செய்யாதீர்கள். அது முழுக்க லண்டன். உங்கள் தொகுதியின் வெஸ்ட்மின்ஸ்டர் எம்.பி.க்கு எழுதுங்கள்.

வியாழக்கிழமை நடக்கும் முதலமைச்சர் கேள்வி நேரம் பார்க்கத் தகுந்ததா?

ஒருமுறை பாருங்கள். 45 நிமிடம், சத்தம் நிறைய, சரக்குக் கம்மி. கட்சித் தலைவர்கள் என்ன கேட்கப் போகிறார்கள் என்பது முன்கூட்டி வெளியாகாது. நிகழ்ச்சி நிரலில் "கேள்வி அவையில் கேட்கப்படும்" என்று மட்டும் போட்டிருக்கும். முன்பெல்லாம் "இன்றைக்கு முதலமைச்சரின் அலுவல்கள் என்னென்ன" என்று ஒப்புக்கு ஒரு கேள்வியை எழுதிக் கொடுத்துவிட்டு, துணைக் கேள்வியில்தான் கத்தியை உருவுவார்கள். அந்தச் சடங்கை விட்டொழித்தது நல்லதே.

ஆளுங்கட்சி உறுப்பினரே எழுத்துக் கேள்வி போட்டு, உடனே நீளமான பதிலும் வருகிறதே?

கவனித்துவிட்டீர்கள்! அரசே கேட்க வைக்கும் கேள்வி அது. அமைச்சருக்கு ஏதோ அறிவிக்க வேண்டும், அவையில் நேரமில்லை அல்லது வெளிச்சம் வேண்டாம், தன் கட்சிக்காரர் ஒருவரிடம் கேள்வியைக் கொடுத்துக் கேட்கச் சொல்வார். ஒளிவுமறைவு இல்லை, அரசு தூண்டிய கேள்வி என்றே குறிப்பிட்டுத்தான் வெளியிடுகிறார்கள். விடுமுறைக்கு முந்தைய நாள் இவை குவிந்தால் மட்டும் ஒவ்வொன்றையும் நிதானமாகப் படியுங்கள்.

அமைச்சர் தவறான தகவல் சொல்லிவிட்டால்?

தெரியாமல் சொன்னால் முடிந்த அளவு சீக்கிரம் திருத்த வேண்டும், திருத்தம் அவைக் குறிப்போடு சேர்த்து வெளியாகும். தெரிந்தே சொன்னால் பதவி விலக முன்வர வேண்டும் என்கிறது அமைச்சர்களுக்கான நடத்தை விதி. "தெரிந்தே" என்பதை நிரூபிப்பதுதான் கஷ்டம். 2021 மார்ச்சில் இது எவ்வளவு வழுக்கும் என்று பார்த்தோம். ஸ்டர்ஜன் நடத்தை விதியை மீறவில்லை என்று தனி விசாரணை செய்த ஜேம்ஸ் ஹாமில்டன் சொன்னார், அதற்கு அடுத்த நாள் ஸ்டர்ஜன் தங்களைத் தவறாக வழிநடத்தினார் என்று நாடாளுமன்றக் குழு 5க்கு 4 என்ற கணக்கில் சொன்னது.

பதில் மழுப்பலாக இருக்கிறது என்று சபாநாயகரிடம் போய்ப் பயனில்லை. பதிலின் உள்ளடக்கத்துக்கு அமைச்சர்தான் பொறுப்பு, நான் அல்ல என்பார்.

இதற்குப் பதில் தகவல் உரிமைச் சட்டத்தில் நானே கேட்டுவிடலாமே?

தாராளமாக. ஸ்காட்லாந்துக்குத் தனிச் சட்டமே இருக்கிறது: 2002இல் நிறைவேறி, இந்தியச் சட்டத்தைப் போலவே 2005இல் நடைமுறைக்கு வந்தது. 20 வேலை நாளில் பதில் தர வேண்டும், தராவிட்டால் மறுஆய்வு, அதற்கும் மசியாவிட்டால் தகவல் ஆணையர். எழுத்துக் கேள்விக்கு இல்லாத சட்டப் பிடி இதற்கு உண்டு. ஆனால் ஆவணத்தில் ஏற்கனவே இருப்பதைத்தான் கேட்க முடியும், திரட்ட 600 பவுண்டுக்கு மேல் செலவாகும் என்றால் மறுக்கலாம். "ஏன் செய்யவில்லை, எப்போது செய்வீர்கள்" என்று அமைச்சரின் வாயிலிருந்து வர வேண்டுமானால் நாடாளுமன்றக் கேள்விதான். என்னைக் கேட்டால் இரண்டையும் ஒரே வாரத்தில் போடுங்கள், இரண்டு பதிலையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

வேல்ஸிலும் வட அயர்லாந்திலும் இப்படித்தானா?

வேல்ஸில் ஏறக்குறைய இப்படியே, கூடுதலாக வெல்ஷ் மொழியிலும் கேட்கலாம். வட அயர்லாந்து வேறு ரகம். முதலமைச்சரும் துணை முதலமைச்சரும் எதிரெதிர் முகாம்களிலிருந்து வந்து சம அதிகாரத்தோடு சேர்ந்து ஆள வேண்டும், ஒருவர் போனால் மற்றவரும் போக வேண்டும். 2017 ஜனவரியிலிருந்து மூன்று வருடம், மறுபடி 2022 பிப்ரவரியிலிருந்து இரண்டு வருடம் என்று அந்த ஆட்சி முடங்கிக் கிடந்தது. மழுப்பலான பதிலைத் திட்டுகிறோம், அங்கே மழுப்புவதற்கே ஆள் இல்லாமல் போன வருடங்கள் இவை.

பழைய பதில்களை எங்கே தேடுவது?

ஸ்காட்லாந்து நாடாளுமன்றத்தின் இணையதளத்தில், இலவசமாக. ஒவ்வொன்றுக்கும் ஒரு எண் இருக்கும். 'எஸ்6டபிள்யூ' என்று தொடங்கினால் 6ஆவது அவையின் எழுத்துக் கேள்வி, டபிள்யூவுக்குப் பதில் 'ஓ' என்றால் வாய்மொழி, 'எஃப்' என்றால் முதலமைச்சருக்கு. உங்கள் பிரச்சினையின் பெயரைப் போட்டுத் தேடுங்கள், அதே கேள்வியை நாலு வருடத்துக்கு முன்பே யாராவது கேட்டிருப்பார்கள். அந்தப் பதிலையும் போன மாதத்துப் பதிலையும் எடுத்து ஒரு சொல் விடாமல் ஒப்பிடுங்கள். எம்.எஸ்.பி.க்கு எழுதும்போது இரண்டு எண்களையும் சேர்த்தே அனுப்புங்கள்.